எட்டு மூலைக் குசினி

லா ஷப்பேலில் மணவறை வாடகைக்கு விடுகிற கடை என்னுடையது. நான் மன்னார்க் கத்தோலிக்கச்சி, ஞாயிறு பூசைக்குப் போகிறவள். ஆனாலும் பாரிசில் நடக்கும் இந்துக் கலியாணங்களில் பாதிக்கு மணவறை என் வான் வண்டியில்தான் போகிறது. ஐயர் மந்திரத்தை மறந்தால் ஷிரோமி எடுத்துக் கொடுப்பாள் என்று என்னைக் கேலி செய்வார்கள். கேலிதான், முழுப் பொய் இல்லை.

அதனால் அக்‌ஷரா ஒரு கோட்டையின் வரைபடத்தை என் மேசையில் விரித்தபோது, ஓமம் வளர்க்க இடம் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடினேன். கலியாணப் பொம்பிளை அவள்தான்; இங்கேயே பிறந்தவள், பழைய கட்டடங்களைத் திருத்தும் அலுவலகத்தில் வேலை. லுவார் ஆற்றுப் பக்கம் இருக்கும் இந்தக் கோட்டைதான் அவள் முதன்முதலாக அளந்து வரைந்தது. கலியாணமும் அங்கேதான் என்று ஒரே பிடிவாதம்.

"இந்த வட்டக் கோபுரம் சண்டைக்கெண்டு கட்டினது, அன்ரி. சுவர் மூண்டு மீற்றர் தடிப்பு. நானூறு வருசம் கழிச்சு வந்த ஆக்களுக்குச் சண்டை இல்லை, வெளிச்சம்தான் வேணும். அதே சுவரை வெட்டி இவ்வளவு யன்னல் வைச்சிட்டினம்."

"யன்னல் இருக்கட்டும் பிள்ளை. நெருப்பு எங்கை?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. கோட்டையைப் பார்த்துக்கொள்ளும் ஆன்-சோஃபி அன்று காலைதான் எழுதியிருந்தாளாம்: மண்டபத்துக் கூரை முழுக்க ஓக் மரம், அதன் கீழே தீ மூட்டக் கூடாது. சுவரோடு இருக்கும் பெரிய கல்லடுப்புக்குள் வேண்டுமானால் மூட்டலாம். சரி, மூட்டலாம், பொம்பிளையும் மாப்பிளையும் அதை எப்படி வலம்வருவது? சுவருக்குள் புகுந்தா? வெளியே வைக்கலாம் என்றால், வைகாசியானாலும் இந்த நாட்டு மழையை யார் நம்புவது?

கூட வந்திருந்த அவளுடைய அப்பா இராஜேந்திரன் அண்ணைக்கு உள்ளூரச் சந்தோசம். "அப்ப கோயில்லை தாலியைக் கட்டுவம். அங்கை போய்ப் படம் எடுங்கோ."

"படம் எடுக்கவே அப்பா, ஒரு வருசமா அந்தக் கல்லெல்லாம் அளந்தனான்?"

அவள் கண் கலங்கியதும் எனக்கு மனம் கேட்கவில்லை. வரைபடத்தை என் பக்கம் இழுத்தேன். கோட்டையிலிருந்து தள்ளி, ஓரத்தில் எட்டு மூலைகளோடு ஒரு கட்டடம், அதன் நடுவே ஒரு வட்டம்.

"இது என்ன?"

"அது குசினி, கோட்டைக்குச் சமைச்ச இடம். நெருப்புப் பிடிச்சாலும் கோட்டைக்குப் பரவக் கூடாதெண்டு தள்ளிக் கட்டினது. மரமே இல்லை, முழுக்கக் கல்லு. இப்பவும் வாற ஆக்களுக்குக் காட்ட நெருப்பு மூட்டுறவை. அடுப்பு நடுவிலை, சுத்திவர நிண்டு..." சட்டென்று நிறுத்தினாள். "அன்ரி! சுத்திவரலாம்!"

அண்ணை கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "முப்பது வருசம் குசினியிலை நிண்டது நான். என்ரை பிள்ளைக்கு அதுக்குள்ளையோ கலியாணம்?"

கதவு படாரென்று அடித்தது. அவர் கோப்பை கழுவத் தொடங்கி, அதே உணவகத்தில் சமையற்காரரானவர். நிலத்தடியில், யன்னல் இல்லாத குசினி. மனைவியையோ மகளையோ ஒரு நாளும் அங்கே வரவிட்டதில்லை. எனக்குக் கோபம்தான், ஆனால் அவர் கையில் இருக்கும் சூட்டுத் தழும்புகளை எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு பூசையை விட்டேன், கடவுள் பொறுத்துக்கொள்வார். "அளவுநாடா பிடிக்க ஆள் வேணும் அண்ணை, பேசாமல் ஏறுங்கோ" என்று மகளோடு சேர்த்து அவரையும் வானில் ஏற்றினேன். இரண்டு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

ஆன்-சோஃபி குசினியைத் திறந்துவிட்டாள். எட்டுச் சுவர்களும் மேலே போகப் போக ஒடுங்கி, உச்சியில் ஒரு துவாரத்தில் முடிந்தன. அங்கிருந்து வெளிச்சம் இறங்கியது. மண்டபம் இரண்டு முறை எரிந்து திரும்பக் கட்டியதாம். இது எழுநூறு வருடமாக அப்படியே நிற்கிறதாம். அண்ணை எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. பழைய பேப்பர் ஒன்றைக் கசக்கி, அடுப்பில் போட்டுக் கொளுத்தினார். புகை ஒரு சுற்றுச் சுற்றி நேரே மேலே போனது. அவர் அண்ணாந்தபடியே நின்றார்.

"எங்கடை குசினியிலை புகை போக வழியில்லை, தங்கச்சி," என்றார் மெதுவாக. "வேலையாலை வந்து தூக்கப் போனா, புகை மணக்குதெண்டு இவள் ஓடுவாள்."

"நான் எப்ப அப்பா ஓடினனான்?"

"நாலு வயசிலை."

அக்‌ஷரா அழுதுவிட்டாள். அவர் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டாள். நான் சுவரை அளப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

"சரி சரி," என்றார் அண்ணை. "மணவறையை வாசலுக்கு நேரை வை தங்கச்சி. சனம் வரேக்கை தெரிய வேணும்."

கலியாணத்தன்று அவரே பட்டு வேட்டியோடு குசினி வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றார். அவருடைய முதலாளியும் மனைவியோடு வந்தார். முப்பது வருடத்தில் ஒரு தரம்கூடக் கீழே குசினிக்கு இறங்கி வராத மனுசன். இங்கேயும் பழக்க தோசத்தில் மண்டபத்தைப் பார்த்து நடந்தார். அண்ணை ஓடிப்போய்க் கையைப் பிடித்தார்.

"அங்கை இல்லை, முசியே. இண்டைக்கு எல்லாரும் குசினிக்குள்ளை."

வாசல் உயரம் குறைவு. முதலாளி தலையைக் குனிந்துகொண்டுதான் உள்ளே வந்தார்.