கண்ணாடிக்குள் சிரித்த முகம்

ஐலெர்ட் தர வேண்டியிருந்தது நாற்பத்திரண்டு யூரோ ஐம்பது சென்ட். தீயணைப்பு நிலையத்துத் தகரப்பெட்டிக்கு. ஊர்க்காரர்களே சம்பளம் வாங்காமல் ஓடுகிற படை அது. தப்புச் செய்தவன் பெட்டியில் காசு போடவேண்டும் என்று அங்கே ஒரு வழக்கம். ஹெல்மெட்டை மறந்தால் இரண்டரை. விஷ ரசாயனம் மேலே படாமல் காக்கிற ரசாயன உடையின் வெளிப்பக்கத்தை வெறுங்கையால் தொட்டால் ஐந்து. வருஷக் கடைசியில் அந்தக் காசில் எல்லோரும் கூடி உட்கார்ந்து கீரையும் தொத்திறைச்சியும் சாப்பிடுவார்கள்.

அபராத நோட்டில் ஐலெர்ட்டின் பக்கத்தில் எட்டு ஐந்துகள் இருந்தன, ஒரு இரண்டரையும் இருந்தது. அவன் வாய்க்கால் தூர்வாருகிறவன். சாயங்காலம் கரையேறியதும் மார்பு வரை வரும் ரப்பர் உடுப்பைக் கையால் உருட்டிக் கீழே தள்ளி, காலை உதறிக்கொண்டு வெளியே வருவான். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான். ரசாயன உடையை மற்றவர்கள்தான் உரித்துவிட வேண்டும், போட்டிருப்பவன் கையைத் தூக்கிக்கொண்டு மரம்போல நிற்க வேண்டும். இது அவனுக்கும் தெரியும். தெரிந்து என்ன? கை தன்பாட்டுக்குக் கீழே போய்விடும்.

பெட்டியும் நோட்டும் மைனெர்ட்டிடம் இருந்தன. செங்கல் சூளையில் வேலை செய்கிறவன், கணக்கில் கறார். ஒன்பதாவது ஐந்து விழுந்தால் உடை போடுகிறவர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டும் என்று போன பிப்ரவரிக் கூட்டத்தில் சொன்னவனும் அவன்தான். எல்லோரும் கை தூக்கினார்கள். ஐலெர்ட்டும் தூக்கினான், சிரித்துக்கொண்டே.

நவம்பர் மாதம் ஒரு காலை எட்டு மணிக்கு அழைப்பு வந்தது. கடல்நீரைத் தடுக்கும் கரைமேட்டை ஒட்டிய சாலையில் லாரிகள் நிறுத்துமிடம். மூடுபனி சாலையை விழுங்கியிருந்தது. லாரி ஒன்றின் ஓட்டுநர் காற்று வரும் திசையில் வெகுதூரம் தள்ளி நின்றுகொண்டிருந்தான்.

"பீப்பாய் ஒண்ணு விரிஞ்சிருச்சு. தண்ணி மாதிரிதாங்க ஒழுகுது. பயமே வரமாட்டேங்குது, அதுதான் பயமா இருக்கு" என்றான்.

படைத்தலைவி வீப்கே லாரியின் ஆரஞ்சுப் பலகையில் இருந்த ஆபத்துப் பொருள் எண்ணைத் தொலைநோக்கியில் படித்து, அதைப் புத்தகத்தில் தேடினாள். அவள் வாய் இறுகியது.

"ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். நல்லாக் கேட்டுக்கங்க. பட்டா உடனே எரியாது. ஒண்ணுமே தெரியாது. சில மணி நேரம் கழிச்சு எலும்புல இருந்துதான் வலி கிளம்பும். அதுக்குள்ள ரத்தத்துல இருக்கிற கால்சியத்தைத் தின்னுட்டு இதயத்துக்குப் போயிரும். உடம்புல பட்டா யாரும் மறைக்கக் கூடாது."

ஐலெர்ட்டும் அவனோடு படையில் இருந்த ஹாயோவும் உடைக்குள் போனார்கள். இரண்டு பச்சை உருவங்கள் பத்தடி நடந்ததும் பனியில் கரைந்துபோயின. மைனெர்ட் அமிலம் எட்டாத சுத்தப் பக்கத்தில் பலகையும் கடிகாரமுமாக நின்று அவர்களின் சிலிண்டர் காற்றைக் கணக்கெடுத்தான். ரேடியோவில் மூச்சு மட்டும் கேட்டது. இழுத்து, விட்டு. இழுத்து, விட்டு. கரைமேட்டில் நாற்பது ஐம்பது ஆடுகள் நின்றன. ஒன்றுகூட மேயவில்லை. எல்லாம் லாரிக்கு முதுகைக் காட்டியபடி அசையாமல் நின்றன.

"மைனெர்ட்." ஐலெர்ட்டின் குரல். கேலி இல்லாத குரல். "இந்த வண்டிக்குக் கண்ணு குருடாகுதுடா."

"என்னது?"

"முன் விளக்கு. நான் பாக்கப் பாக்க கண்ணாடி பால் மாதிரி ஆகுது. கண்புரை விழுற மாதிரி."

"அமிலம் கண்ணாடியைத் தின்னும். அதைப் பாக்காத, வேலையைப் பாரு" என்றாள் வீப்கே.

பீப்பாயை நிமிர்த்தி, விரிசலை அடைத்து, கீழே தொட்டி வைத்துவிட்டு இருவரும் திரும்பி வந்தபோது இருபத்திரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. தண்ணீர்ப் பீச்சலில் நனைந்து நின்றார்கள். உடைகளை முழுக்கக் கழுவி முடியுமுன்னே ஹாயோவின் காற்று தீரப்போகிறதென்று விசில் அலறியது. மைனெர்ட்டும் உதவிக்கு நின்ற இன்னொருவனும் அவனிடம் ஓடினார்கள். முகமூடியைக் கழற்றிவிட்டுத் திரும்பினால், ஐலெர்ட் உடைக்கு வெளியே உள்சட்டையோடு நின்று நடுங்கிக்கொண்டிருந்தான். உடை பிளாஸ்டிக் விரிப்பில் சுருண்டு கிடந்தது.

"யாருடா கழட்டினது?"

"காலாலயே மிதிச்சு வந்துட்டேன்."

"கை?"

"கை ஆகாசத்துல இருந்துச்சு. ஒன்பதாவது அஞ்சைப் புடுங்கலாம்னு பாக்காத, சூளைக்காரா!"

ஹாயோ சிரித்தான். மைனெர்ட்டும் சிரித்துவிட்டான். குளிர் தாங்காமல் ஐலெர்ட் தீயணைப்பு வண்டிக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பதினோரு மணிக்குப் பெருநகரத்திலிருந்து சிறப்புப் படை வந்து பொறுப்பேற்றுக்கொண்டது. இவர்கள் நிலையத்துக்குத் திரும்பி, சோப்புப் போட்டுக் கை கழுவி, தேநீர் குடிக்க உட்கார்ந்தார்கள். மைனெர்ட் மட்டும் வண்டியைத் துடைக்கப் போனான். பனி விலகி வெயில் வந்திருந்தது.

பின் இருக்கைப் பக்கத்துக் கண்ணாடியில் ஒரு முகம் இருந்தது.

ஒரு வட்டம், இரண்டு புள்ளி, மேலே வளைந்த வாய். ஆவி படிந்த கண்ணாடியில் குழந்தைகள் விரலால் வரைவார்களே, அந்த மாதிரி. மைனெர்ட் துணியால் துடைத்தான். ஆவி எப்போதோ போய்விட்டது, கண்ணாடி உலர்ந்து கிடந்தது. முகம் போகவில்லை. வெளிப்பக்கம் போய்த் துடைத்தான். ஈரத்துணி போட்டுத் தேய்த்தான். நகத்தால் சுரண்டியபோது நகத்துக்குச் சொரசொரவென்று தட்டியது. முகம் கண்ணாடியின் மேல் இல்லை. கண்ணாடிக்குள் இருந்தது. பால் வெள்ளையாக, அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு.

லாரியின் குருட்டு விளக்கு நினைவுக்கு வந்தது. துணியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினான்.

"வண்டிக் கண்ணாடில மூஞ்சி வரைஞ்சது யாரு?"

எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"நான் இல்லப்பா. எனக்கு வட்டம் போட்டாலே முட்டை மாதிரி வரும்" என்றான் ஹாயோ.

ஐலெர்ட் இடது கையால் கோப்பையைப் பிடித்திருந்தான். வலது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. "பழசா இருக்கும். பள்ளிக்கூடப் புள்ளைங்க வண்டி பாக்க வந்துச்சுல்ல?"

"அது விரல் கறை இல்ல. கண்ணாடியே அரிச்சிருக்கு. வரைஞ்சவன் விரல்ல அமிலம் இருந்திருக்கு."

வீப்கே மணியைப் பார்த்தாள். உடையைக் கழற்றி இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது.

"ஐலெர்ட், கையைக் காட்டு" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் வலிக்கல அக்கா."

"வலிக்காததுதாம்ப்பா அதோட வேலையே!"

"வலிக்கலன்னா வலிக்கல. விடுங்க." அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது. மைனெர்ட்டுக்கு அது கண்ணாடியில் பார்த்த சிரிப்பாகவே தெரிந்தது. இவன் ஏன் ஒத்துக்கொள்ள மாட்டேனென்கிறான் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒன்பதாவது ஐந்து. பட்டியலில் பெயர். நாள் முழுக்கச் சேற்றில் நிற்கிற ஒரு மனுஷனுக்கு, அந்தப் பச்சை உடையைப் போட்டு எவனும் போகாத இடத்துக்குப் போய்வருவது ஒன்றுதான் பெருமை. இவனைப் பொய் சொல்ல வைத்தது அமிலம் இல்லை. நோட்டு.

மைனெர்ட் அவன் எதிரே முட்டி போட்டு உட்கார்ந்தான்.

"டேய், இங்க பாரு. ஒன்பதாவது அஞ்சு கிடையாது. பழைய எட்டும் கிடையாது. எல்லாம் தள்ளுபடி. உன் பேரு பட்டியல்லயே இருக்கும். இல்லன்னா அதுல என் பேரும் இருக்காது. உடையைத் தொட்டியா?"

"நெசமாவா?"

"எங்க அம்மா மேல சத்தியம்."

ஐலெர்ட் வீப்கேயைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவன் பைக்குள்ளிருந்து கையை எடுத்து, தன்னுடையது இல்லாத ஏதோ ஒரு பொருளை வைப்பதுபோல மேஜைமேல் வைத்தான்.

ஆள்காட்டி விரலின் நுனி மெழுகு போல வெளுத்திருந்தது. அவ்வளவுதான். ஒரு கொப்புளம்கூட இல்லை.

"தொடைகிட்ட உருட்டி விட்டேன்டா. கை தானாப் போயிருச்சு. அப்புறம் குளிரு, கழுவாமயே வண்டில ஏறிட்டேன். ஹாயோ நடுங்குறதைப் பாத்துச் சிரிப்பு வந்துச்சா, ஒரு மூஞ்சி வரைஞ்சேன்." விரலைத் திருப்பிப் பார்த்தான். "இப்ப அரை மணியா உள்ளுக்குள்ள ஏதோ துடிக்குது."

வீப்கே கால்சியப் பசைக் குழாயைப் பிதுக்கிக் கை முழுக்க அப்பி, விடாமல் தேய்த்தாள். ஹாயோ ஆம்புலன்ஸுக்குச் சொன்னான். ஒன்பது நிமிஷத்தில் அது வந்தது. வாசலைத் தாண்டும்போதே ஐலெர்ட் அலறத் தொடங்கிவிட்டான். வண்டி வளைவில் மறைந்த பிறகும் அந்தச் சத்தம் அவர்கள் காதில் நின்றது.

மூன்று மணி சுமாருக்கு மருத்துவமனையிலிருந்து பேசினார்கள். விரலில் ஊசி போட்டிருக்கிறார்கள். இதயம் இரண்டு தடவை தாளம் தப்பி, மறுபடி ஒழுங்குக்கு வந்திருக்கிறது. விரல் நுனி தங்குமா என்று இப்போது சொல்ல முடியாது. ஆள் பிழைத்துக்கொள்வான். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் இந்தப் பேச்சே வேறாக இருந்திருக்கும்.

ஃபோனை வைத்துவிட்டு வீப்கே மேஜைமேலிருந்த அபராத நோட்டைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "மைனெர்ட், இது மாதிரி இன்னும் எத்தனை பேரு நம்மகிட்ட மறைச்சிருப்பாங்க?"

மைனெர்ட் நோட்டை எடுத்து விரித்தான். முதல் பக்கத்தில், உடையை வெறுங்கையால் தொட்டால் ஐந்து என்று தன் கையெழுத்தில் இருந்த வரியை அழுத்தி அடித்தான். தாள் கிழிந்தது. பிறகு ஐலெர்ட்டின் பக்கத்தைப் புரட்டி, நாற்பத்திரண்டு யூரோ ஐம்பது சென்ட்டின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தள்ளுபடி என்று எழுதித் தேதியைப் போட்டான்.