பெயரை மாற்றித்தான் எழுதினேன்

பேராசிரியர் வார்னக் கழுத்தில் மாலையும் தலைமுடியில் வண்ணக் காகிதத் துணுக்குகளுமாக ஊர்க்கூடத்தில் தன் வரவேற்பு விழாவின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முப்பது வருடத்துக்கு முன் இந்த மலையூரில் இரண்டு வருடம் தங்கி, இவர்கள் உண்பதையும் உறங்குவதையும் புத்தகமாக்கிப் பெரிய மனிதரானவர். இந்த ஊர்ப் பெண் நில்டாவுக்குக் குழந்தையில் முதல் முடி வெட்டியவரும் அவரே. இந்த ஊர் வழக்கப்படி அதனால் அவளுக்கு ஞானத்தகப்பன்.

புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தவரை தொல்லையில்லை. மூன்று வருடத்துக்கு முன் யாரோ அதை ஸ்பானிஷில் இணையத்தில் ஏற்றினார்கள். ஒரே வாரத்தில் ஊரிலுள்ள அத்தனை போனிலும் ஏறிவிட்டது. புருஷன் சுரங்க வேலைக்குப் போயிருந்தபோது வேறொருவனால் உண்டான கருவைப் பச்சிலை குடித்துக் கலைத்த 'மரியா'வின் கதை அதில் ஆறு பக்கம். மாவு மில்லுக்குப் பக்கத்து வீடு, இடது கையில் இரண்டு விரல் இல்லாத நெசவுக்காரி. இதற்குப் பெயர் வேறு வேண்டுமா? நில்டாவின் அம்மா சத்துர்நினாதான்.

இன்று உன் வயலில் நான், நாளை என் வயலில் நீ. இந்த ஊரின் பிழைப்பே இந்த அய்னி முறையில்தான் ஓடுகிறது. அதிலிருந்து அம்மாவைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டார்கள். மூன்று அறுவடையாகத் தாயும் மகளும் மட்டும் தோண்டினார்கள். பாதி உருளைக்கிழங்கு மண்ணிலேயே அழுகியது.

நில்டா படித்ததும் மானுடவியல்தான். போன வருடம் ஆறு மாதம் வார்னக்கிடமே உதவியாளராக இருந்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒயினோடு அவர் பேசுவார். அவள் "ம்" கொட்டுவாள், காத்திருப்பாள், குறித்துக்கொள்வாள். முப்பது வருடத்துக்கு முன் அம்மாவிடம் அவர் செய்ததும் அதேதான்.

ஊர்த்தலைவர் தெமெத்ரியோ எழுந்தார். "ஞானமக ரெண்டு வார்த்த பேசட்டும்."

நில்டா நோட்டைப் பிரித்தாள். "தலைப்பு: பேராசிரியர்கள் சமூகத்தில் திருமண உறவு. தகவல் தந்தவர் 'ஹென்றி'. வெள்ளைத் தாடி, இடது காதில் கேட்கும் கருவி. மனைவி இவரை விட்டுவிட்டு இவருடைய தம்பியோடு போய்விட்டாள். அவள் செத்துப்போனதாக ஒரு மலையூருக்குக் கடிதம் எழுதினார். அந்த ஊர் ஜனங்கள் அழுதார்கள். பூசை வைத்தார்கள்."

"அடப்பாவி!" பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். "நான் மூணு கினிப்பன்னி அறுத்து விருந்து வச்சேனே அந்தப் பொம்பளைக்கு!"

"தம்பியோடயாமே!" கூடம் வெடித்துச் சிரித்தது.

வார்னக் எழுந்தார். மாலை கோணிக்கொண்டது. "நில்டா, அது உன்ன நம்பிச் சொன்னதும்மா."

"பேர மாத்தித்தானே எழுதியிருக்கேன், ஞானத்தகப்பா."

அவர் மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். கூட்டத்துக்குள் புகுந்து வெளியேறினார். வழிவிட ஒருவரும் நகரவில்லை.

நில்டா நோட்டை மூடவில்லை. "சிரிங்க, நல்லா சிரிங்க. இந்த ஊரப் பத்தியும் மூணு வருஷமா எழுதிட்டுத்தான் இருக்கேன். தெமெத்ரியோ மாமா, உங்களுக்கு நல்ல பேரா ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன்."

தெமெத்ரியோவின் முகம் செத்தது. சிரிப்பு நின்றது.

"நாளைக்கு எங்கம்மா வயல்ல கிழங்கு தோண்டுறோம்."

விடிந்ததும் பத்தொன்பது பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். ஒருவரும் முகம் பார்க்கவில்லை. சத்துர்நினா வரப்பில் நின்றபடியே கேட்டாள்.

"என்னையும் எழுதி வச்சிருக்கியாடி?"

நில்டா நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"அத அடுப்புல போடு."

"போடறேம்மா. கிழங்கு வீடு வந்து சேரட்டும்." திரும்பிப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "மாமா, ஆழமா வெட்டுங்க! பாதி உள்ளயே நிக்குது."