எனக்கு எழுதி வைத்த பணம்

பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது. உயில் வக்கீல் எனக்குத் தர வேண்டிய கூலி அது. அவர் ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் அறையில் ஊறல் பிடித்த சுவரைக் கொத்தி எறிந்து, புதுப் பூச்சுப் பூசி, மூன்று பக்கமும் கான்கிரீட் பலகையில் அலமாரி கட்டிக் கொடுத்ததற்கு. ஊரில் பாதிப் பேருடைய கடைசி ஆசை அந்த அறையில்தான் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. நாலு பேருடைய கடைசி ஆசையைக் கரையான் தின்று முடித்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

வேலை முடிந்து இரண்டு வருஷம் நாலு மாதம் ஆகிவிட்டது. போய்க் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்.

"எழுதி வெச்சிருக்கேன் மேஸ்திரி."

எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். படித்தவர் எழுதி வைத்தது எங்கே போய்விடும் என்று நிம்மதியாகத் திரும்பி வருவேன்.

அந்த நிம்மதி என் வீட்டு வாசற்படியைத் தாண்டாது. என் மனைவிக்கு மேல்வரிசையில் பல் ஒன்றுகூட இல்லை. பல்செட்டுக்கு டாக்டர் ஒன்பதாயிரத்து ஐந்நூறு கேட்டிருந்தார். இந்தக் கூலியை நம்பி அளவுகூடக் கொடுத்தாயிற்று. அவள் வாயின் அச்சு டாக்டரின் கண்ணாடி அலமாரியில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அச்சுக்கு உரியவள் வீட்டில் டீயில் ரொட்டியை ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்தாள். பல் போனாலும் வாய் போகவில்லை.

"உங்களுக்கு எழுதத்தான் தெரியாதுன்னு நெனச்சேன். கேக்கவும் தெரியாதா?" என்பாள்.

வக்கீலிடம் கேட்பது அவ்வளவு லேசான காரியமா? அவருக்கு ஓய்வே இல்லை. காலை பத்து மணிக்கே கூட்டம் வந்துவிடும். வருகிறவர்கள் யாருக்கும் தாங்கள் சாகப் போகிற எண்ணமே இருக்காது. "ஒருவேளை எனக்கு ஏதாவது ஆயிட்டா" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஒருவேளையாம். வக்கீலும் அப்படி ஒன்றும் நடக்காது என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டே பேனாவைத் திறப்பார். வெளியே காரில் மகனும் மருமகளும் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு, அப்பாவின் உடல்நிலையில் மிகுந்த அக்கறையோடு காத்திருப்பார்கள். மாடி வீடு யாருக்கு என்பது பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். தையல் மெஷின் யாருக்கு என்பதில் மூன்று நாள் போகும். ஒரு பெரியவர் வருஷத்துக்கு நாலு தரம் வந்து மருமகன் பெயரை அடிப்பார், சேர்ப்பார், அடிப்பார். ஒவ்வொரு தடவைக்கும் தனிக் கட்டணம். அந்த மருமகன் மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தால் வக்கீல் பட்டினி கிடந்திருப்பார்.

உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும். ஒன்று டைப்பிஸ்ட் அம்மா. இன்னொன்றுக்கு, அலமாரி கட்டிய நாள் முதல் நான். சாரத்திலிருந்து என்னை இறக்கிக் கூப்பிடுவார். சிமெண்ட் கையோடு போய்க் கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்துவிட்டு வருவேன். சம்பளம் ஒரு டீ. அதற்கு முன்னால் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் வக்கீல் தவறாமல் ஒன்று சொல்வார். "உயில்ல யாருக்கு என்ன எழுதினாலும் சரி, அவங்க சாட்சி போடக்கூடாது. போட்டா அவங்களுக்கு எழுதினது செல்லாது. ஒரு காசு கிடைக்காது." இதை நான் முன்னூறு தடவையாவது கேட்டிருப்பேன். படிக்காதவனுக்குக் காது கொஞ்சம் அதிகமாக வேலை செய்யும். இது வக்கீலுக்குத் தெரியவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில் ஒரு வழக்கு வந்தது. அண்ணனும் தம்பியும் அப்பாவின் உயிலை வைத்து அடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார்கள். என் ரேகையைப் பார்த்த நீதிபதி, இது மனுஷ விரலா இல்லை மைப்புட்டி கவிழ்ந்ததா என்று கேட்டாராம். முப்பது வருஷம் சிமெண்டில் புரண்ட விரலில் ரேகை எங்கே இருக்கும்? தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. அங்கே பட்ட அவமானத்தில், வக்கீல் என்னை ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் வகுப்புக்கு அனுப்பினார்.

"கையெழுத்து மட்டும் கத்துக்கிட்டா போதும். மத்தது உங்களுக்கு எதுக்கு?" என்றார்.

நல்ல யோசனைதான். ஐம்பத்தி நாலு வயதில், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து, மூன்று மாதத்தில் என் பெயரைக் கற்றுக்கொண்டேன். வக்கீல் மகிழ்ந்துபோய் அன்றைக்கு டீயோடு ஒரு பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தார். ஆனால் அந்த டீச்சர் கொஞ்சம் விவரம் கெட்டவர். கையெழுத்தோடு நிறுத்தாமல் மீதி எழுத்துகளையும் சொல்லிக் கொடுத்துவிட்டார். இதை நான் வக்கீலிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆள் அனுப்பினார். திங்கட்கிழமை அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஊருக்கெல்லாம் உயில் எழுதியவர் தன் உயிலை மட்டும் வருஷக்கணக்காகக் கம்ப்யூட்டரில் அடித்தே வைத்திருந்தார், கையெழுத்துப் போடவில்லை. அவருக்கும் அந்த ஒருவேளைதான். மனைவி, பிள்ளை கிடையாது. உயில் இல்லாமல் போனால் சொத்தில் பாதி அண்ணனுக்குப் போய்விடும். அண்ணனோடு பேசிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அந்த ஆள் கைக்கு ஒரு செங்கல் போகக்கூடாது, எல்லாம் தங்கச்சிக்கு என்பது அவருடைய ஒரே லட்சியம்.

நான் போனபோது டைப்பிஸ்ட் அம்மா மேஜையில் காகிதம் தயாராக இருந்தது. கடைசிப் பக்கத்தின் மேல்பாதியை ஒரு நீல ஃபைல் மூடியிருந்தது.

"இங்க போடுங்க மேஸ்திரி," என்று வக்கீல் கீழே தொட்டுக் காட்டினார்.

நான் ஃபைலை நகர்த்தினேன். "வாசிச்சுட்டுப் போடறேன் ஐயா."

அவர் சிரித்தார். "அது சட்ட பாஷை. உங்களுக்குப் புரியாது."

"புரியாததைக் கேட்டுக்கறேன்."

எனக்கு மனதுக்குள் வாசிக்க வராது. உதடு அசைந்தால்தான் எழுத்து நகரும். முதல் பக்கத்திலிருந்து விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிச் சத்தமாகவே வாசித்தேன். சுயநினைவோடும் யாருடைய தூண்டுதலும் இல்லாமலும் எழுதுகிறேன் என்று ஆரம்பித்தது. வீடு தங்கச்சிக்கு. கார் தங்கச்சிக்கு. அண்ணனுக்கு எதுவும் இல்லை என்பது மூன்று இடத்தில். வக்கீல் நாலு தரம் மணி பார்த்தார். ஒன்பதாம் பத்திக்கு வந்தேன்.

'என் ஆபீஸ் அறையைக் கட்டிய மேஸ்திரிக்கு நான் கொடுக்க வேண்டிய பதினோராயிரத்து அறுநூற்று நாற்பதை, எனது காலத்துக்குப் பிறகு, என் சொத்திலிருந்து கொடுக்கும்படி எழுதி வைக்கிறேன்.'

எழுதித்தான் வைத்திருக்கிறார். மனுஷர் இத்தனை நாளும் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. அவர் காலத்துக்குப் பிறகு என் மனைவிக்குப் பல் வரும். அவர்கள் குடும்பத்தில் தொண்ணூறுக்குக் குறைந்து யாரும் போனதில்லை. அவர் அப்பாவைத் தொண்ணூற்று நாலு வயதில் நாலு பேர் தூக்கினோம், நானும் ஒருத்தன். அதற்குள் என்னவளுக்கு ஈறே மிஞ்சாது.

அது போகட்டும். முன்னூறு தடவை கேட்ட பாடம் இருக்கிறதே.

"ஐயா, உயில்ல பேர் இருக்கறவன் சாட்சி போட்டா அவனுக்கு ஒரு காசு கிடைக்காதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சும்மா ஒரு கவனப் பிசகு என்றார். சட்டத்தில் அதற்கு வேறு வழி இருக்கிறது என்றார். உங்களை நான் ஏமாற்றுவேனா, நீங்கள் எனக்குத் தம்பி மாதிரி என்றார். அவர் அண்ணனுக்கு என்ன எழுதியிருக்கிறார் என்பதை அப்போதுதான் வாசித்திருந்தேன். தம்பி என்றதும் காகிதத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

டைப்பிஸ்ட் அம்மா தட்டச்சுப் பலகையிலிருந்து தலை நிமிராமல் சொன்னார். "என்னோட ஏழு மாசச் சம்பளம் பதினொண்ணாம் பத்தியில இருக்கு அண்ணே. நானும் போடறதா இல்ல. நீங்க அதுவரைக்கும் வாசிக்கறீங்களான்னுதான் பாத்துட்டிருந்தேன்."

மீதிப் பத்திகளையும் விடாமல் வாசித்து முடித்தேன். அப்புறம் வக்கீல் ஜன்னலுக்குப் போனார். தெருவில் யாராவது இரண்டு பேரைக் கூப்பிட்டால் தீர்ந்தது என்று நினைத்திருப்பார். எதிரே டீக்கடைக்காரர் நின்றார். அவர் பன்னிரண்டாம் பத்தி. பக்கத்தில் மருந்துக்கடைக்காரர், பதின்மூன்று. சலூன்காரருக்குக்கூட ஒரு வரி இருந்தது. வக்கீல் ஒவ்வொரு முகமாகப் பார்த்து ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு வந்தார். இத்தனை பெரிய தெருவில் அவர் கடன் வைக்காத இரண்டு பேர் கிடைக்கவில்லை. தெருமுனையில் ஒரு மாடு நின்றிருந்தது. அதற்குக் கையெழுத்து வராது.

"ஆபரேஷன் முடிஞ்சு வந்து எல்லாருக்கும் செட்டில் பண்ணிடறேன்," என்றார் ஜன்னலைப் பார்த்தபடி.

"அப்ப உயிலையும் வந்தே போட்டுக்கலாம் ஐயா."

அந்த இடத்தில் அவருக்கு அண்ணன் முகம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். காது சிவந்துவிட்டது. டைப்பிஸ்ட் அம்மாவிடம் ஒன்பதையும் பதினொன்றையும் எடுத்துவிட்டுப் புதிதாக அச்செடுக்கச் சொன்னார். அந்த அம்மா கையைக் கட்டிக்கொண்டார். ஏழு மாதமாகச் சம்பளம் வாங்காத விரல் அது, இனி வாங்கினால்தான் அசையும் என்று பணிவாகத் தெரிவித்தார்.

வக்கீல் உள்ளறைக்குப் போனார். நான் கட்டிய அலமாரியின் மூன்றாவது தட்டில், அந்த மருமகன் உயில் கட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு தகர டப்பா வந்தது. இரண்டு வருஷம் நாலு மாதம் காலியாக இருந்த கை நிரம்ப ஏழு நிமிஷம் ஆனது. முதலில் அந்த அம்மாவுக்கு எண்ணிக் கொடுத்தார். அவர் வாங்கி, தானும் ஒரு தரம் எண்ணி, பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்த பிறகு விரல் அசைந்தது. பிரிண்டர் முனகிக்கொண்டே புது உயிலைத் துப்பியது.

அதற்குள் என் கட்டும் மேஜைக்கு வந்தது. எண்ணிப் பார்த்தேன். பதினோராயிரத்து அறுநூறு.

புது உயிலை எடுத்து, முதல் எழுத்திலிருந்து திரும்பவும் சத்தமாக வாசித்தேன். வக்கீல் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். என் பெயர் எங்கேயும் இல்லை. அந்த அம்மாவின் பெயரும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு சொத்துப் பத்திரத்தில் என் பெயர் இல்லாததற்குச் சந்தோஷப்பட்டேன். பேனாவைத் திறந்தேன். மூடினேன்.

"இன்னும் என்னய்யா?"

"நாற்பது குறையுது ஐயா."

"சில்லறை இல்ல. அதை எழுதி வெச்சுக்கறேன்."

பேனாவை மேஜையில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். டைப்பிஸ்ட் அம்மாவும் பார்த்தார். தான் சொன்னது என்ன என்பது வக்கீலின் காதுக்கே அப்போதுதான் போய்ச் சேர்ந்தது. எழுந்து ஜன்னலைத் திறந்து, டீக்கடைக்காரரிடம் நாற்பது கடன் கேட்டார். பன்னிரண்டாம் பத்தி அங்கிருந்தே கையை விரித்தது. கடைசியில் தன் சட்டைப் பை, மேஜை டிராயர், காரின் சில்லறைத் தட்டு எல்லாவற்றையும் துழாவி, மூச்சு வாங்க வந்து, நாணயமாக என் முன்னால் கொட்டினார்.

ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினேன். நாற்பது.

கையெழுத்துப் போட்டேன். கொஞ்சம் நேரமானது. என் பெயரில் நெடில் எழுத்து இரண்டு இருக்கிறது.