கம்பெனியே கொடுத்த சாட்சி

இடது கையில் நாலு விரல் போன பிரஸ்காரரைக் கம்பெனி டாக்டர் அரை நிமிஷம் பார்த்தார். "கட்டைவிரல் இருக்கே, சமாளிச்சுக்கலாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இவர் ஒரு நாள் இப்படிச் சமாளித்துக் காட்டட்டும் என்று பிரஸ்காரரின் மனைவி வாசல் வரைக்கும் திட்டிக்கொண்டே போனாள்.

தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்று செய்த ஏற்பாடு அது. அந்த ஷெட்டிலோ எல்லா மெஷினிலும் இடது பட்டனை அமுக்கி டேப் ஒட்டியிருப்பார்கள். வலது கை பட்டனில், இடது கை தகட்டில். அப்படி அடித்தால்தான் ஷிப்ட்டுக்கு ஆயிரத்து நானூறு தகடு தேறும். தேறாவிட்டால் மேனேஜர் வாயில் விழவேண்டும்.

விபத்துக்கு மறுநாளே டேப்பெல்லாம் மாயமானது. நஷ்டஈட்டு அதிகாரியிடம் கம்பெனி பச்சைப் பிள்ளை மாதிரி நின்றது. "பட்டனை அவரே முடக்கிட்டார், எங்களுக்கு ஒண்ணும் தெரியாது." அதிகாரியும் தலையாட்டி மனுவைத் தள்ளிவிட்டார்.

அப்பீல் போட்டார்கள். "மேல்கோர்ட்டுல புது சாட்சியெல்லாம் கூப்பிட மாட்டாங்கம்மா. ஃபைல்ல என்ன இருக்கோ அதான்" என்றார் வக்கீல்.

"அப்ப அந்த ஃபைல்ல ஒரு செட்டு எனக்கும் குடுங்க சார்."

"சட்ட பாஷைம்மா, புரியாது."

"புரியலன்னா படம் பாத்துக்கறேன்."

நிஜமாகவே ஒரு படம் இருந்தது. பிரஸ்காரர் அனுபவசாலி, தவறு அவருடையதுதான் என்று காட்ட, சிறந்த தொழிலாளி விருது கொடுத்த போட்டோவைக் கம்பெனியே இணைத்திருந்தது. மேனேஜர் பிரஸ்காரரின் தோளில் கைபோட்டுப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். பின்னால் மெஷின்.

"ஏங்க, இந்தப் பட்டன் மேல இது என்ன மஞ்சளா?"

பிரஸ்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "டேப்பு."

"எப்ப எடுத்தது?"

"கை போறதுக்கு எட்டு மாசம் முன்னாடி."

"டேப்பை வச்சுக்கிட்டே விருதும் குடுத்து, அதையே கோர்ட்டுலயும் குடுத்திருக்கானுங்க! இவனுங்க கம்பெனி நடத்தறானுங்களாம்!"

தினமும் பார்த்துப் பார்த்து அந்த டேப் கம்பெனிக்காரர்கள் கண்ணுக்கே தெரியாமல் போயிருந்தது.

மேல்கோர்ட்டில் அந்தப் படத்தைக் காட்டியதும் கம்பெனி வக்கீல் தொண்டையைச் செருமினார். "அது நிழலா இருக்கலாம், ஐயா."

"மஞ்சள் நிழலா?" என்றார் நீதிபதி. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கம்பெனிக்குத் தெரிந்தேதான் பட்டன் முடக்கப்பட்டது, முழு நஷ்டஈடு கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பானது.

உத்தரவை எடுத்துக்கொண்டு இருவரும் பழைய அதிகாரியிடமே போனார்கள். பணம் கைக்கு வர அவர்தான் கையெழுத்துப் போடவேண்டும். மனுஷன் குழைந்தார்.

"என்னம்மா பண்றது, நான் ஃபைல்ல இருந்ததைத்தான பாத்தேன்."

"படமும் ஃபைல்லதான சார் இருந்துச்சு?"

அதிகாரி பேனாவைத் தேட ஆரம்பித்தார். பேனா அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. அவள் சொல்லவில்லை. மேஜை, இழுப்பறை, ஃபைலின் அடி என்று நன்றாகத் தேடட்டும் என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.