உறைக்குள் நின்ற மூன்று விரற்கடை

மேற்கே கண்ணாடி மாளிகைகள் திங்களுக்கொரு மாடியாக வான்நோக்கி வளர்ந்துகொண்டிருந்த இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டின் முதுவேனிலில், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல், ஐதராபாத்து மாநகரின் வடகிழக்கு ஓரத்தே முன்னாள் படைவீரர்கள் குடியேறி அமைத்த சைனிக்புரியின்மேல், குன்றுகள் எழுந்து நடந்து வந்தாற்போல் முகிற்கூட்டமொன்று கவிந்தது. படுத்துறங்கும் யானைகளை ஒத்த மௌலாலிப் பாறைகள் நிறம் மங்கின. வேப்பமரங்கள் ஓர் இலையும் அசையாமல் மூச்சடக்கி நின்றன. மயிற்கொன்றையின் செம்பூக்கள் சிந்திக் கிடந்த தெருக்களில் நாய்களும் குரலொடுக்கி மதிலோரம் பதுங்கின. இடி வருமுன் உலகம் முழுதும் எதற்கோ அஞ்சிக் காத்திருக்கும் அந்தச் சிறு பொழுதை, படிப்போரே, நீங்களும் அறிந்திருப்பீர்கள். அந்த அச்சம் மூன்று திங்களாக நாளெல்லாம் நெஞ்சில் குடியிருந்த ஒரு பெண்ணைப் பற்றியதே இக்கதை.

அவள் பெயர் சாருலதா. கணிப்பொறி நிறுவனமொன்றின் பணிக்காக இரண்டாண்டு சப்பான் நாட்டில் வாழ்ந்து, திரும்புகையில் அந்நாட்டு வாளுருவு கலையைக் கற்றுக்கொண்டு வந்தவள். பகைவன் எதிரே இருப்பதாக எண்ணிக்கொண்டு, உறையிலிருந்து வாளை உருவும் அசைவையே முதல் வெட்டாக ஆக்கி, பின் ஓசையின்றி உறையிலிடுவது அக்கலை. ஐதராபாத்தில் அதைப் பயில்வோர் ஐந்தாறு பேருக்குமேல் இல்லை. அவர்கள் ஞாயிறுதோறும் கூடும் இடம், சைனிக்புரியில் ஒரு வீட்டின் இரண்டாம் மாடியில் மரப்பலகை பரப்பிய கூடம். அன்று மழைக்குறி கண்டு மற்றவர் வாராதொழிய, அவளும் இருதயராஜும் மட்டுமே வந்திருந்தனர். இருதயராஜ் பாளையங்கோட்டைக்காரன், பாலாநகரில் வானூர்திக்கு மின்கருவி செய்யும் தொழிற்சாலையில் பொறியாளன், அவளுக்கு இரண்டு வயது இளையவன், எதையும் காரணம் கேளாமல் ஏற்காதவன்.

மாசித் திங்களில் ஒருநாள் அந்திப்பொழுதில், காய்கறிப் பையுடன் தன் தெருவில் நடந்துகொண்டிருந்த சாருலதாவின் பின்னே இருசக்கர வண்டியொன்று மெல்ல ஊர்ந்து வந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் அவள் பிடரியில் ஒரு கை விழுந்து, தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு பறந்துவிட்டது. கொடி போனதினும், சதையில் அது பதித்துச் சென்ற வடுவினும், அந்தக் கைக்குரிய முகத்தை அவள் காணவே இல்லை என்பதுதான் அவளை வாட்டியது. அன்றுமுதல் மஞ்சள் சரடு ஒன்றே கழுத்தில் கிடக்க, அவள் தெருவில் நூறடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அலுவலகத்தில் சுவரோரம் இருக்கை கேட்டு வாங்கினாள். வீட்டில் அடுப்படியிலும் வாயிலுக்கு முதுகு காட்டாமல் நின்றே சமைத்தாள்.

கலையிலும் அந்த அச்சம் கைவைத்தது. முழந்தாளிட்டு அமர்ந்திருக்கையில் பின்னாலிருந்து தாக்க வருபவனை எதிர்கொள்ளும் பயிற்சி ஒன்று உண்டு. அவள் நான்காண்டு பயின்ற பழைய முறையில், இடுப்பை உயர்த்திக் கால்விரலூன்றித் திரும்புகையில் கண்ணே முதலிற் செல்லும். வாளோ தயங்கித் தயங்கி உறையைவிட்டு நகரும். நுனியின் மூன்று விரற்கடை உறைக்குள் எஞ்சியிருக்கும் வரை வெட்டு முடிவாவதில்லை. பகைவன் மனம்மாறிக் கையை இழுத்துக்கொள்ள அந்த மூன்று விரற்கடையே கடைசி வாய்ப்பு என்றும், எந்தத் திசையில் வெட்டு வரும் என்பதை அவனுக்கு மறைப்பதும் அதுவே என்றும் இருவகைக் காரணம் கூறுவர். மாசிக்குப் பின் அவள் வேறொரு முறையைக் கைக்கொண்டாள். அதில் திரும்புதலும் உருவுதலும் ஒன்றே. கண் சென்று சேருமுன் வாள் சென்று சேர்ந்துவிடும். பின்னால் இருப்பவன் கை ஏற்கெனவே நீண்டுவிட்டது, பார்க்கும் நேரமே சாகும் நேரம் என்பது அதற்குரிய காரணம்.

அன்று பயிற்சி தொடங்கியதும் அந்தப் புதுமுறையை இருமுறை கண்ட இருதயராஜ், தன் வாளை மடியில் கிடத்திக்கொண்டு வினவினான்.

“யக்கா, ஒரு கேள்வி. பின்னால இருக்கவன் யாரு?”

“திருடன்.”

“ஒக்காந்திருக்கானா, நிக்கானா? எந்தக் கை நீளுது?”

“தெரியாது. தெரியாததனாலதான் சீக்கிரம் வெட்டறேன்.”

“ஒக்காந்தவன்னா இந்த வெட்டு கழுத்துல விழும், நின்னான்னா வயித்துல விழும். ஆளே தெரியலன்னா எங்க விழும்? பால்காரர் வந்து நின்னாலும் போச்சு.”

“பால்காரர் கழுத்துல கை வைப்பாரா?”

“அவசரமா இருந்தா உறையோட வால்முனை பின்னால நீட்டிக்கிட்டுத்தானே இருக்கு, நெஞ்சுல ஒரு இடி இடிங்க. செத்தா போயிருவான்? எந்திரிச்சு, நான் இன்னாருன்னு சொல்லுவாம்லா.”

அவள் சிரித்துவிட்டாள், சிரித்த மறுநொடியே, தன்னை அறியாமல் கதவுப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். அதைக் கண்ட இருதயராஜின் குரல் தணிந்தது.

“உங்க வெட்டுல ஆளு இல்லக்கா, பயந்தான் இருக்கு. ஒண்ணு செய்யுங்க. பழைய முறையில எண்ணி முப்பது. முடிச்சிட்டு, அது ஏன் தப்புன்னு ஒரே ஒரு காரணம் சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் வாயே தொறக்கல.”

அவள் ஒப்பினாள். ஒவ்வொரு முறையும் அந்த மூன்று விரற்கடையில் வாள் தயங்கும்போது, முகமற்ற அந்தக் கை தன் பிடரியைத் தொட்டுவிட்டதாகவே உணர்ந்து உடல் வியர்த்தாள். ஆயினும் எண்ணிக்கை தவறாமல் செய்தாள். இருபத்தைந்தாம் முறை முடிந்தபோது காற்று ஓங்கி வீசத் தொடங்கவே, வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்த தன் வண்டியை உள்ளே தள்ளிவர இருதயராஜ் கீழே இறங்கினான். ஒருவர் வாளுடன் இருக்கையில் மற்றவர் கதவருகே நிற்கவேண்டும், உள்ளே வருவோர் வாயிலில் நின்று குரல் கொடுத்த பின்பே கால்வைக்கவேண்டும் என்பவை அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகள். ஐந்து நிமிடந்தானே என்று எண்ணிச் சென்றான்.

இனி, படிப்போரே, தெருவைப் பாருங்கள். புழுதியைக் கிழித்துக்கொண்டு வந்த ஆட்டோ ஒன்று அவ்வீட்டின் பக்கவாயிலில் நிற்க, அதிலிருந்து இறங்கியவர் சாருலதாவின் மாமியார் கல்பகம். கோடைக்கு மகன் வீட்டில் தங்கக் கும்பகோணத்திலிருந்து வந்தவர். மகன் உமாசங்கர் காஞ்சன்பாக் ஏவுகணை ஆய்வுக்கூடத்தின் வெளியூர்ச் சோதனை ஒன்றுக்குப் போயிருக்க, மருமகள் இரவில் திடுக்கிட்டு எழுவதையும், குழாயில் நீர் சொட்டினாலும் தோள் குலுங்குவதையும் நாள்தோறும் கண்டு மனம் பொறாது, பொன் கழுத்தில் ஏறினால் அச்சம் இறங்கிவிடும் என்று நம்பி, புதுக்கொடி செய்வித்துச் சிமிழில் வைத்திருந்தார். மறுநாள் அட்டமி, அன்றோ நாலரைக்கு இராகுகாலம். சாரு ஆறு மணிக்குத் திரும்பும்வரை காத்திருக்க அவர் மனம் இடந்தரவில்லை. கணவர் நாராயணஸ்வாமியை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, மணி நாலேகால் ஆகையில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறினார்.

மேலே இருபத்தேழு முடிந்திருந்தது. இருதயராஜ் இல்லை. காற்றில் கதவொன்று எங்கோ அடித்துக்கொள்ள, சாருலதா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். இந்த ஒருமுறை மட்டும் என் முறையில் செய்து மனம் ஆறுவேன் என்று உறுதி கொண்டு, சுவரை நோக்கி, வாயிலுக்கு முதுகைத் திருப்பி, முழந்தாளிட்டு அமர்ந்தாள். கைகளைத் தொடைமேல் வைத்து, இமை தாழ்த்தி, மூச்சை எண்ணினாள். அந்த வாள் பயிற்சி வாள்தான். விளிம்பில் கூர் கிடையாது. ஆனால் அதன் நுனி ஊசிபோன்றது. வீசிய வேகத்தில் தொண்டையைக் கிழிக்க அதற்கு விளிம்பு தேவையில்லை.

கல்பகம் வாயிலில் செருப்பைக் கழற்றினார். சுவரை நோக்கி அசையாமல் அமர்ந்திருந்த மருமகளைக் கண்டதும், ‘தியானத்தில் இருக்கிறாள், கூப்பிடலாகாது’ என்றெண்ணினார். பூசையில் இருப்பவரைக் குரல்கொடுத்துக் கலைப்பது அவர் வாழ்நாளில் செய்தறியாத பிழை. ஆகவே முந்தானையை இடுப்பில் செருகி, வெறுங்காலால் பலகைமேல் பூனைபோல் நடந்தார். மழையின் முதல் துளிகள் கூரைத்தகட்டில் விழுந்து அந்தச் சிறு ஓசையையும் விழுங்கின. சிமிழைத் திறந்து கொடியை எடுத்தார். அமர்ந்திருப்பவளின் கழுத்தில் அணிவிக்கக் குனிந்தார். குனிந்தபோது, உட்கார்ந்திருக்கும் பகைவனுக்கென்று வகுக்கப்பட்ட உயரத்தில் அவருடைய கழுத்து வந்து நின்றது.

கீழே, ஆட்டோவில் இருந்த பெரியவர் தமிழில் யாரையோ திட்டிக்கொண்டு கைக்குட்டையால் முகம் துடைப்பதைக் கண்ட இருதயராஜ், “யாரைத் தேடுதிய, ஐயா?” என்று கேட்டான்.

“தேடலை, காத்துண்டிருக்கேன். எங்காத்து மாமி மேலே போயிருக்கா, மருமகளுக்குக் கொடி போட. மழை வரதுன்னா கேட்டாத்தானே.”

அவன் வண்டியைக் கைவிட்டான். அது சாய்ந்து விழும் ஓசையைத் திரும்பிப் பாராமல் இரண்டிரண்டு படியாகத் தாவினான்.

வடுவின்மேல் குளிர்ந்த பொன் பட்டது. அதே நொடியில் இடி இடித்தது.

சாருலதா எண்ணவில்லை. மாசி அந்தியின் கை மீண்டும் வந்துவிட்டது. இம்முறை தன்னிடம் வாள் இருக்கிறது. வெட்டு என்று உள்ளம் ஆணையிட்டுவிட்டது. இடுப்பு எழ, கால்விரல் ஊன்ற, உறையின் வாயை இடக்கை இறுகப் பற்ற, வலக்கை பிடியைக் கவ்வி இழுக்க, உடல் சுழன்றது. சுழன்ற உடலில் கண் முன்னே சென்றது. நான்காண்டு அவள் இடுப்பிலும் தோளிலும் ஊறிக்கிடந்த பழக்கம், அன்று இருபத்தேழு முறை புதுப்பிக்கப்பட்ட பழக்கம், அவளைக் கேளாமலே குறுக்கிட்டு வாளைத் தயங்கச் செய்தது. ஒரு சாண் தொலைவில் மூக்குத்தி ஒன்று மின்னலில் ஒளிர்ந்தது. அதன்மேல் வியந்து விரிந்த இரு கண்கள். நுனியின் மூன்று விரற்கடை உறைக்குள் நின்றது.

“ஏண்டி குழந்தே, நான்தான். பயந்துட்டியா? தியானத்துல இருக்கியேன்னு கூப்பிடலை” என்றார் கல்பகம். பிறகு, பாதிக்குமேல் வெளிப்பட்டிருந்த வெள்ளி நிறத்தை ஐயத்தோடு நோக்கி, “அந்தக் கத்தியை அந்தண்டை வையேன். மொண்ணைதானே?”

“மொண்ணைதாம்மா” என்றாள் சாருலதா. மூன்று விரற்கடைதான் உள்ளே எஞ்சியிருந்தது; வெளிவந்த வாளை உறைக்குள் திருப்பி அனுப்ப, காலமெல்லாம் ஆவதுபோல் அத்தனை நேரம் ஆயிற்று.

மூச்சிரைக்க வாயிலில் வந்து நின்ற இருதயராஜின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. அவன் கல்பகத்தின் கழுத்தைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், அங்கே செந்நிறம் எதுவும் இல்லை என்று கண்ட பின்பே நிலையைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்தான்.

“என் தப்புக்கா. கதவுல நின்னுருக்கணும்.” பிறகு, தாழ்ந்த குரலில், “பழசா?” என்றான்.

“மனசு என்னோடதைத்தான் எடுத்தது. உடம்புதான் கேக்கலை.”

“என்னடாப்பா ரெண்டு பேரும் புதிர் போடறேள்” என்றார் கல்பகம். “நாலரை ஆகப்போறது. திரும்பு, சாரு.”

திரும்பு என்ற அந்தச் சொல்லைக் கேட்டு அவள் வாளை இடையிலிருந்து எடுத்து, வலப்பக்கம் பலகைமேல் கிடத்தி, வெட்டும் பக்கம் தன்னை நோக்கி இருக்கத் திருப்பிவைத்தாள். வலப்பக்கம் கிடக்கும் வாளை விரைந்து உருவ இயலாது. உன்னை நான் அஞ்சவில்லை என்று எதிரிலிருப்பவருக்குச் சொல்லும் முறை அது. அவளோ அஞ்சினாள். பின்னர் மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பி, கூந்தலை முன்னே ஒதுக்கி, வடுவோடு கூடிய பிடரியைக் கல்பகத்தின் கைகளுக்குக் கொடுத்தாள்.

“போடுங்கோம்மா.”

கிழவிரல்கள் கொடியின் திருகாணியை ஏற்றமுடியாமல் தடுமாறின, ஒருமுறை நழுவின, மீண்டும் தொட்டன. ஒவ்வொரு தொடுகைக்கும் அவள் தோள் துடித்தது, வலக்கை தரையில் வாள் கிடந்த பக்கம் விரல் நீட்டி மடங்கிற்று. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அச்சம் அன்றோடு அவளை விட்டகன்றது என்று எழுதினால் அது பொய். கணவனுக்கு அன்றிரவு எழுதத் தொடங்கிய மடலை அவள் முடிக்கவில்லை. கல்பகமோ, குழந்தைக்குக் கொடி போட்ட வேளை நல்ல வேளை என்று கும்பகோணத்தில் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். தன்னை நெருங்கி வந்தது எது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தவள் ஒருத்தி, அவள் அதன்பின் எப்போது வாளை உருவினாலும், பின்னால் இருப்பவருக்கு ஒரு முகம் கொடுத்த பிறகே உருவினாள், அந்த முகத்தில் எப்போதும் ஒரு மூக்குத்தி இருந்தது. அஞ்சும் உள்ளம் எவரையும் வெட்டிவிடும். அதற்கும் வெட்டுக்கும் நடுவே பழகிவைத்த மூன்று விரற்கடை இடமே மனிதர்க்கு எஞ்சும் காவல். அந்த இடத்தைக் காக்கவே, மழை கூரையில் அறைந்துகொண்டிருந்த அப்பிற்பகல், முப்பதில் எஞ்சிய மூன்றையும் அவள் பழைய முறையில் எண்ணி முடித்தாள்.