இரண்டாம் பொட்டலம்

அம்மா போன பிறகு அண்ணன்கள் இருவரும் வீட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். தங்கைக்கு என்ன என்று பேச்சு வந்தபோது மூத்தவன் கொல்லைப்பக்கம் கையைக் காட்டினான். அங்கே நான்கு கோழிகள் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன. இரண்டு கறுப்பு, ஒரு செம்பட்டை, கழுத்தில் இறகே இல்லாத ஒரு மொட்டைக் கழுத்து. அவற்றைக் கூடையில் போட்டுக்கொண்டு அவள் புருஷன் வீட்டுக்கு வந்தாள்.

"பரவால்லியே, சொத்து கொக்கரிக்குது" என்றான் புருஷன். அவளும் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்ய.

கூடு மட்டும் அவளுடையதல்ல. புருஷனின் அக்கா இருபது கோழி வளர்த்தவள், அக்கம்பக்கத்தார் சத்தம் போடுகிறார்கள் என்று விட்டுவிட்டதாகச் சொன்னாள். "எனக்கு எதுக்கு, தம்பி பொண்டாட்டிக்கு ஆகட்டும்" என்று சும்மா கிடந்த மரக்கூட்டை வண்டியில் ஏற்றி அனுப்பினாள். கொல்லையில் வேறு இடமில்லை. மாமியார் அறைச் சுவரை ஒட்டி, ஜன்னலுக்குக் கீழே வைத்தார்கள்.

"என் மக குடுத்தது. தேக்கு" என்று மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். தேக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. பழைய கதவுப் பலகை.

நான்காம் மாதம் முட்டை நின்றது. கொண்டைகள் வெளுத்தன. ஒரு நாள் விடியலில் கறுப்பில் ஒன்று காலை நீட்டிச் செத்துக் கிடந்தது. அதே வாரம் மாமியாரின் கையிலும் கழுத்திலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்தது.

"உன் கோழி கொண்டாந்த வரும்படி இது" என்று கையை நீட்டிக் காட்டினாள்.

"நாலு மாசமா இங்கதான இருக்கு அத்தே. வந்தப்ப நல்லாத்தான இருந்துச்சு."

"அது வரைக்கும் நல்லது மாதிரி நடிச்சிருக்கும். உங்க அண்ணனுங்க வளத்தது இல்ல? மருந்து போடுறதுன்னா போடு. பத்து நாள் பாப்பேன். அரிப்பு நிக்கலன்னா மூணும் இந்த வீட்ல இருக்காது."

"பத்து நாளா?" என்றான் புருஷன், லாரியில் மூட்டை ஏற்றிவிட்டு வந்த அலுப்போடு. "எனக்கெல்லாம் ஒரு நாள் கூட குடுத்ததில்ல அம்மா."

கால்நடை மருந்துக் கடைக்காரர் வெள்ளைப் பொடி ஒரு பொட்டலம் கொடுத்தார். இறக்கைக்கு அடியில், வாலடியில், பின்பக்கத்தைச் சுற்றி. கண்ணிலும் மூக்கிலும் படக் கூடாது. பத்தாம் நாள் இன்னொரு தடவை, ஏனென்றால் பேன் சாகும், ஈர் சாகாது.

வேலை முடிந்து வந்து, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கிழிந்த சாக்ஸ் ஒன்றில் பொடியைக் கொட்டி முடிந்துகொண்டாள். கோழியை மடியில் மல்லாத்தி, முழங்காலால் இடுக்கி, இறகைப் பிரித்தாள். வைக்கோல் நிறத்தில் பேன்கள் தோலின்மேல் ஓடின. இறகின் அடித்தண்டில் ஈர் உப்புக்கட்டி போல அப்பியிருந்தது. சாக்ஸால் தட்டித் தட்டி ஒற்றினாள். மொட்டைக் கழுத்து அவள் மணிக்கட்டில் ரத்தம் வரக் கொத்தியது. "கொத்து. நீ ஒருத்திதான் பாக்கி" என்றாள் அதனிடம்.

மூன்று நாளில் பேன் போனது. கொண்டை மட்டும் சிவக்கவில்லை. மாமியாரின் அரிப்பு கூடியது.

பத்தாம் நாள் வேலை விட்டதும் நேரே கடைக்குப் போனாள்.

"பேன் போயிடுச்சுண்ணே. ஆனா கொண்ட இன்னும் வெளுத்துத்தான் இருக்கு."

கடைக்காரர் இரண்டாம் பொட்டலத்தை எடுத்தவர் கையிலேயே வைத்துக்கொண்டார். "அப்ப செள்ளும் இருக்கு. கோழிக்குப் போட்டியேம்மா, கூட்டுக்குப் போட்டியா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"பேன் கோழி மேலயே குடும்பம் நடத்தும். செள்ளு அப்படியில்ல. பகல்ல பலகை இடுக்குல படுத்துக்கும், இருட்டினதும் வந்து ரத்தம் குடிக்கும். கோழி இல்லாத வெறுங்கூட்டுல கூட மாசக்கணக்குல கிடக்கும். பசிச்சா கிட்டத்துல யாரு படுத்திருக்காங்களோ அவங்களத் தேடிப் போகும். கூடு புதுசா?"

"பழசு. ஒருத்தங்க குடுத்தாங்க."

"அவங்க கோழியெல்லாம் என்ன ஆச்சு?"

யாருமே கேட்டதில்லை.

அவளுக்குத் தன்மேல்தான் முதலில் ஆத்திரம் வந்தது. சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலையே அதுதான். விடுதிகளிலிருந்து வரும் மெத்தை உறைகளை மேசையில் விரித்துப் பூச்சி தேட வேண்டும். "நடுவுல பாக்காத, தையல பாரு" என்பாள் மேற்பார்வைக்காரி. ஆறு வருஷமாகத் தையலைப் பார்த்தவள் கூட்டின் தையலைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பொட்டலம் இருந்த பையைக்கூட இறக்கவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். கோழிகளைக் காணோம், எங்காவது மேயும் என்று நினைத்தாள். கோழிகள் ஏறி உட்காரும் கட்டை பலகையில் செருகியிருந்த இடுக்கில் கத்தியை விட்டு இழுத்தாள். சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாகச் சிதறி ஓடின. கத்தியின் அலகில் சிவப்பாகக் கூழ் அப்பியிருந்தது. குடித்த ரத்தம்.

ஜன்னலிலிருந்து மாமியார் கேட்டாள். "என்ன தேடற? கோழியா? அது மத்தியானமே போயாச்சு."

"எங்க?"

"என் மக வந்து எடுத்துட்டுப் போயிட்டா."

"பேன் புடிச்ச கோழின்னு சொன்னீங்களே அத்தே."

"அவ பாத்துக்குவாளாம். இன்னொரு தடவ மருந்து போட்டா தெளிஞ்சிடுமாம். உன்கிட்ட பொட்டலம் இருந்தாக் குடுத்தனுப்பச் சொன்னா." மாமியார் கழுத்தைச் சொறிந்துகொண்டாள். "கூட்டையும் எடுத்துட்டுப் போடின்னேன். வண்டியில எடம் இருந்துச்சு. வேணாம்னுட்டா. கிட்டகூட வரல. வாசப்படியிலயே நின்னுக்கிட்டு கோழிய என்னையே புடிச்சுக் குடுக்கச் சொன்னா."

அவள் கத்தியைப் பார்த்தாள், கூட்டைப் பார்த்தாள். இருபது கோழி எப்படிப் போயின என்பது இப்போது தெரிந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். தெரிந்துதான் அனுப்பியிருக்கிறாள். கோழிகள் தேறிவிடும் என்று தெரிந்துதான் எடுத்தும் போயிருக்கிறாள்.

வேலை முடிந்து வந்த புருஷனிடம் கத்தியைக் காட்டிச் சொன்னாள். அவன் முகம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"இப்ப அதக் கிளப்பினா அம்மா ரெண்டு நாள் சாப்பிடாது. அக்காதான, வேத்தாளா? கோழி போச்சு, பிரச்சன போச்சு."

"அது எங்கம்மா கோழி."

"சரி, அதுக்கு?" என்றான். துண்டைத் தேடிப் போனான்.

கோழிகள் என்ன பாவம் செய்தன. பொட்டலத்தையும் சாக்ஸையும் பையில் போட்டு, காலையில் அக்கா வீட்டில் கொடுத்துவிடும்படி அவன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு மாமியாரின் அறை வாசலுக்குப் போனாள்.

"அத்தே, அந்தக் கூட்ட எரிச்சிடலாம். செள்ளு அதுலதான் இருக்கு. வந்து பாருங்க."

"பாத்தியா, வந்துட்டா." மாமியார் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "உன் கோழி போச்சுன்னதும் என் மக குடுத்தது கண்ண உறுத்துதா? அதுல யாரும் கை வைக்கக் கூடாது. அங்கயேதான் கிடக்கும்."

 இன்னொரு தடவை சொல்லலாம்.

"சரி. கிடக்கட்டும்" என்றாள்.

கொல்லைக்குப் போய்க் கத்தியை மண்ணில் தேய்த்தாள். ஜன்னலுக்கு அந்தப்பக்கம் மாமியாரின் குரல் கேட்டது. "நாத்தமும் போச்சு. இனி ஜன்னல தொறந்து வச்சு, காத்தாடப் படுக்கலாம்." கட்டிலின் கால்கள் தரையில் இழுபட்டன, கூடு இருந்த பக்கமாக.