வெள்ளிக்கிழமை உறங்கும் வலைப்பூ

பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய எலப்புள்ளியில் நசீமின் மின்சாமான் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பும்போது, ஷட்டரை இறக்குவதற்கு முன்னால் மெயின் சுவிட்சை இறக்கிவிட வேண்டும். அவருடைய அத்தா கடை நடத்திய காலத்தில், ஊரே பள்ளிவாசலில் இருந்த நேரத்தில் பக்கத்துக் கடையில் ஒயர் உருகித் தீப்பிடித்தது. அன்றிலிருந்து வந்த வழக்கம். அத்தா மௌத்தாகிப் பல வருஷம் ஆன பிறகும், வெள்ளிக்கிழமை நண்பகலில் நசீமின் கை தொப்பியைத் தேடுவதற்கு முன் மெயினைத்தான் தேடும்.

மெயினை இறக்கினால் கடையின் விசிறி நிற்கும், விளக்கு அணையும். மாடியில் சாமான் அறையில் இருக்கும் பழைய கணினியும் அணையும். அந்தக் கணினிக்குள்தான் ‘கணவாய்க் காற்று’ இருந்தது. நசீம் எழுதிவரும் வலைப்பூ. மறுபடி மெயினை ஏற்றும்வரை அது யாருக்கும் திறக்காது.

பெரிய விஷயம் எதையும் அவர் எழுதவில்லை. வாளையாரில் வரிசையாக நிற்கும் லாரிகள், ஓட்டுநர்கள் ரோட்டோரத்தில் கஞ்சி காய்ச்சுவது, கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து காற்று திரும்பும் மாதத்தில் கடைப் பலகையெல்லாம் ஆடுவது, இப்படித்தான். படிக்கிறவர்கள் முப்பது பேர் இருக்கலாம். முதலில் இலவசமாக இடம் தந்த ஒரு தளத்தில் எழுதிக்கொண்டிருந்தார். அந்தத் தளம் ஒரு நாள் மூடிக்கொண்டது. எழுதியது அத்தனையும் போயிற்று. ஷார்ஜாவில் இருந்த அண்ணன் அப்பாஸ்தான் போனில் சத்தம் போட்டார்.

“வாடக ஊட்டுல எத்தன நாளைக்குடா இருப்ப? என்னைக்கிருந்தாலும் எறக்கிதான் உடுவான். நம்ம கட மாடி சும்மாதான கெடக்குது? உன்ற ஊட்ட நீயே கட்டு.”

அப்படிக் கட்டிய வீடு அது. கல்பாத்தியிலிருந்து வெங்கி வந்து உதவினார். கல்லூரியில் நசீமோடு படித்தவர், இப்போது கணினி நிறுவனம் ஒன்றில் இருக்கிறார். வலைப்பூ திறந்த முதல் நாள், முதல் பதிவின் கீழே அப்பாஸின் கருத்து வந்து விழுந்தது: “சொந்த ஊட்டுக்கு வந்தாச்சு. பால் காய்ச்சினியா?”

அதற்குப் பிறகு ஒரு பதிவைக்கூட அப்பாஸ் விட்டதில்லை. ஒவ்வொன்றின் கீழும் வந்து வம்பிழுப்பார். ஒருமுறை நசீம் மென்பொருளைப் புதுப்பிக்கப் போய், தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாக மாறிவிட்டது. பக்கம் பக்கமாகக் கேள்விக்குறி. வெங்கி போனிலேயே வழி சொல்லி அதைச் சரிசெய்வதற்குள் அப்பாஸ் வெறும் கேள்விக்குறிகளால் நாலு வரி எழுதிவிட்டு, போனில் கேட்டார்: “உன்ற பாஷையிலயே பதில் போட்டிருக்கறேன், படிச்சியா?”

வெள்ளிக்கிழமைப் பிரச்சினையையும் அவர் விடவில்லை. வேறு ஒயர் இழுத்துக் கணினிக்குத் தனி லைன் கொடுத்தால் தீர்ந்தது. ஊருக்கெல்லாம் ஒயர் விற்கிற நசீம், தன் மாடிக்கு இழுக்க ‘அடுத்த வாரம், அடுத்த வாரம்’ என்றே காலத்தை ஓட்டினார். அப்பாஸ் எழுதினார்: “உன்ற பிளாக்குக்கு ஒரு ஜும்ஆகூடத் தவறுறதில்ல. அதப் பாத்தாவது நீ நேரத்துக்குப் பள்ளிக்குப் போடா.”

அப்பாஸ் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. ஷார்ஜாவில் நெஞ்சுவலி வந்து, அங்கேயே அடக்கம். கபரைப் பார்க்கக்கூட நசீமுக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஊரில் இருக்கிறவர்கள் அஸர் தொழுகைக்குப் பிறகு கபர்ஸ்தானுக்குப் போய் நிற்பார்கள். நசீம் கடை மாடி ஏறுவார். ஏதாவது ஒரு பழைய பதிவைத் திறந்து, கீழே அண்ணன் எழுதியதைப் படிப்பார். தனியாகச் சிரிப்பார். பிறகு ஒரு ஃபாத்திஹா ஓதிவிட்டுக் கீழே இறங்குவார். மனைவி ஃபர்ஸானாவுக்கு மட்டும் இது தெரியும்.

மழை தொடங்கியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்து நசீம் மெயினை ஏற்றினார். மாடியிலிருந்து ‘டக், டக்’ என்று ஒரு சத்தம் வந்தது. பல்லி என்று முதலில் நினைத்தார். ஏறிப் பார்த்தால் கணினிக்குள், எல்லாவற்றையும் சேமித்து வைத்திருக்கும் வட்டு தட்டிக்கொண்டிருந்தது. திரையில் எதுவும் வரவில்லை. வாராவாரம் திடுதிப்பென்று மின்சாரத்தைப் பிடுங்கினால் எந்த வட்டும் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

அவர் பதறவில்லை. மேசை ஓரத்தில் இன்னொரு வட்டு இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை வலைப்பூ முழுவதையும் அதில் பிரதியெடுக்கும்படி, தொடக்கத்திலேயே தன் கையால் ஏற்பாடு செய்துவைத்திருந்தார். அதன் பச்சை விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்கு நிம்மதியாக இருக்கும்.

வெங்கி ஞாயிற்றுக்கிழமை வந்தார். அந்த வட்டைத் தன் மடிக்கணினியில் செருகிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“நசீம், இதுல ஒரே ஒரு காப்பிதான் இருக்கு. மொத நாள் சோதனைக்கு எடுத்தது.”

“அதெப்படி? வாராவாரம் எடுக்கற மாதிரி வெச்சிருந்தேனே.”

“எப்போ எடுக்கச் சொல்லி வெச்சிருக்காய்?”

“வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு. கடைல ஆளிருக்க மாட்டாங்க, மெஷினுக்கும் வேல இருக்காதுன்னு.”

“அந்த நேரத்துக்கு நீ எங்கே இருப்பாய்?”

“பள்ளியில.”

“மெஷின்?”

நசீமின் பார்வை கீழே, மெயின் சுவிட்ச் இருந்த பக்கம் போயிற்று. வெங்கிக்குச் சிரிப்பு வந்தது. நண்பரின் முகத்தைப் பார்த்ததும் அது பாதியில் நின்றது.

“ஓடாத வேலைக்கு அது தகவலும் அனுப்பாதுடா,” என்றார் மெதுவாக. “நானாவது ஒரு தடவ திறந்து பாத்திருக்கணும்.”

பதிவுகள் போகவில்லை. நசீம் எல்லாவற்றையும் கீழே கடையில் இருக்கும் வேறொரு கணினியில் எழுதித்தான் ஏற்றுவார். போனவை கருத்துகள். கோயம்புத்தூரில் வட்டு பழுதுபார்க்கும் ஓர் ஆளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். அவர் கையை விரித்தார். மிஞ்சியது முதல் நாள் பிரதியில் இருந்த ஒரே ஒரு வரி: பால் காய்ச்சினியா?

“ஏனுங்க, ஊட்டுக்கு வாங்க,” என்று ஃபர்ஸானா மாடிப்படியில் நின்று கூப்பிட்டாள். நசீம் அணைந்த கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“ரெண்டாந் தடவ அடக்கம் பண்ணுன மாதிரி இருக்குது, ஃபர்ஸானா. இந்தத் தடவ என்ற கையாலயே.”

அவள் ஏறி வந்து பக்கத்தில் இருந்த அட்டைப் பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். “உங்க அண்ணன் இருந்திருந்தா இதுக்கும் ஒண்ணு எழுதியிருப்பாரு,” என்றாள். என்ன எழுதியிருப்பார் என்று இருவரும் யோசித்தார்கள். இருவருக்கும் வரவில்லை. அதுதான் நசீமுக்கு இன்னும் அதிகமாக வலித்தது.

வெங்கி புது வட்டு போட்டு, வலைப்பூவின் முகவரியில் ஒற்றைப் பக்கத்தை ஏற்றினார். நசீம் அதில் இரண்டே வரி எழுதினார்: “வட்டு பழுதாகிவிட்டது. பதிவுகள் திரும்பும். நீங்களும் என் அண்ணனும் எழுதிய கருத்துகள் எல்லாம் போய்விட்டன, மன்னியுங்கள்.” கீழே கடையின் தொலைபேசி எண் இருந்தது.

நாலைந்து நாள் கழித்து ஒரு பெண்குரல் அழைத்தது. பின்னால் ஜீப் ஓடும் சத்தம்.

“நசீம் அண்ணனா? நான் காந்தலூர்ல இருந்து சந்தனமேரி பேசுறேன். எங்க மோட்டாருக்குக் கெப்பாசிட்டர் அனுப்பிவிட்டீகளே, ஞாபகம் இருக்கா?”

யோசித்தபோது மங்கலாக நினைவு வந்தது. அண்ணன் விடுமுறையில் வந்திருந்த சமயம் இருவரும் காந்தலூர் போயிருந்தார்கள். அதைப் பற்றிய பதிவில் அந்த ஊர்ப் பூண்டைப் பற்றி நசீம் தப்பாக எழுதியிருந்தார். கருத்தில் திருத்தி எழுதியவள் இவள். அதோடு, தோட்டத்து மோட்டார் ஓட மறுக்கிறது என்றும் கேட்டிருந்தாள். உடுமலைக்குப் போன யாரிடமோ ஒரு கெப்பாசிட்டரைக் கொடுத்தனுப்பினார். அன்றைக்கே மறந்தும்போனார்.

“இருக்குதும்மா, சொல்லுங்க.”

“போயிருச்சு போயிருச்சுன்னு எழுதியிருக்கீக. எங்க போச்சு? எங்கிட்டதேன் இருக்கு.”

நசீமுக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள். வெள்ளிக்கிழமைதோறும் காய்கறி ஏற்றிக்கொண்டு அவளும் வீட்டுக்காரரும் மலையிறங்கி உடுமலைச் சந்தைக்குப் போவார்கள். சரக்கை இறக்கிவிட்டு, மத்தியானம் ஓய்வாகச் சாப்பிடும்போது வலைப்பூவைப் படிக்கலாம் என்று திறப்பாள். அந்த நேரம் பார்த்து அது உறங்கிக்கொண்டிருக்கும்.

“நீங்கதேன் வெள்ளிக்கிழமையானா கடைய மூடிருவீகளே! அதனால வியாழக்கிழம சாயங்காலமே சிக்னல் கெடைக்கிற கோயில் மேட்டுக்குப் போயி, புதுசு ஒண்ணு, பழசு நாலஞ்சுன்னு போன்ல எறக்கி வச்சுக்கிருவேன். சந்தையில நான் வாசிக்க, எங்க வீட்டுக்காரரு சாப்பிட்டுக்கிட்டே கேப்பாரு.”

“கீழ இருக்கற கருத்துமா வந்திருக்குது?”

“அதுக்குத்தானண்ணே எறக்குறதே! குத்தமா நெனைக்காதீக, நீங்க எழுதுறத விட உங்க அண்ணன் உங்கள வையிறதுதேன் எங்களுக்கு ருசி.”

நசீம் போனைக் காதில் வைத்தபடியே கல்லாவின் பின்னால் உட்கார்ந்துவிட்டார். வாடிக்கையாளர் ஒருவர் பல்பு கேட்டு நின்றார். எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையைக் காட்டினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நசீமும் ஃபர்ஸானாவும் பொள்ளாச்சி வழியாக உடுமலைக்குப் போனார்கள். ஜும்ஆவை அங்கேயே தொழுதுவிட்டு நசீம் சந்தைக்கு வந்தார். முட்டைக்கோஸ் மூட்டைகளுக்குப் பக்கத்தில், ஜீப்பின் பின்பலகையை விரித்துச் சந்தனமேரி சோற்றுப் பாத்திரங்களைப் பரப்பியிருந்தாள். முந்தானை முடிச்சிலிருந்து ஒரு சிறிய டப்பாவை எடுத்தாள். செபமாலை வைக்கிற டப்பா. அதற்குள், மாலைக்கு அடியில் போனின் மெமரி கார்டு இருந்தது.

“போனு ரெண்டு மாறிருச்சு. கார்டு மட்டும் மாறல. அழிக்க மனசு வரலண்ணே.”

வெங்கி கொடுத்தனுப்பிய மடிக்கணினியில் கார்டைச் செருகினார்கள். பக்கங்கள் திறந்தன. அண்ணன் இருந்தார். லாரிப் பதிவின் கீழே இருந்தார், கஞ்சிப் பதிவின் கீழே இருந்தார். எல்லாப் பதிவின் கீழும் அல்ல. சந்தனமேரி இறக்கத் தொடங்குவதற்கு முந்தைய பல பதிவுகள் இல்லை. அண்ணன் கடைசியாக எழுதியதும் இல்லை. அது ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எழுதியது. அவள் முந்தின நாளே இறக்கிவிட்டிருந்தாள். அந்தப் பக்கத்தின் கீழே வெற்றிடத்தை நசீம் விரலால் தொட்டுப் பார்த்தார்.

அதுவரை பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த சந்தனமேரியின் கணவர் கையைக் கழுவிவிட்டு வந்தார்.

“எனக்குப் பிடிச்சது அந்த ஜும்ஆதேன்,” என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்குப் பழக்கமில்லாத கொங்குப் பேச்சை வாயில் வரவழைத்துச் சொன்னார்: “அதப் பாத்தாவது நீ நேரத்துக்குப் பள்ளிக்குப் போடா!”

ஃபர்ஸானா சிரித்துவிட்டாள். நசீமுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஷார்ஜா மண்ணில் கிடக்கிற மனிதரின் குரல், அவரை ஒருநாளும் பார்த்திராத ஒருவரின் வாயில், பூண்டு வாசனைக்கு நடுவே இப்படிப் பத்திரமாக இருக்கிறதே என்று நினைத்தார். நாம் காப்பதாக நினைத்துப் பூட்டி வைக்கிறோம். அல்லாஹ் அதை யார் கையில் கொடுத்துக் காக்கிறான் என்பது நமக்குத் தெரிவதில்லை.

கிளம்பும்போது சந்தனமேரி ஒரு பை நிறையப் பூண்டைத் திணித்தாள். “இதப் பத்தியாவது சரியா எழுதுங்கண்ணே.”

கருத்துகளை ஒவ்வொன்றாகப் பழைய தேதியோடு திரும்ப ஏற்ற மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. வெங்கி வந்து கணினிக்குத் தனி லைன் இழுத்துவிடலாம் என்றார். நசீம் மறுத்தார்.

“மெயின எறக்கறதுக்கு முன்னால மெஷின ஒழுங்கா அணச்சுட்டுப் போறேன். அது போதும். வெள்ளிக்கிழமை அது தூங்கட்டும்.”

“காப்பி?”

“வியாழக்கிழமை சாயங்காலம். ஆறு மணிக்கு.”

வியாழக்கிழமை சாயங்காலம் மஃரிப் தொழுகைக்குக் கிளம்பும் முன் நசீம் மாடி ஏறி, பிரதி எடுபட்டிருக்கிறதா என்று இப்போது திறந்தே பார்க்கிறார். பச்சை விளக்கை மட்டும் நம்புவதில்லை. அவர் படியிறங்கும்போது பெரும்பாலும் சட்டைப் பையில் போன் ஒருமுறை துடிக்கும். காந்தலூர் கோயில் மேட்டிலிருந்து செய்தி வந்திருக்கும்.

“எடுத்து வச்சாச்சுண்ணே.”